நிக்கோர் கண்ணும் ஏரெஸ் உடம்பும்

கேமராவின் நெற்றியில் 'ஏரெஸ்' என்று இருக்கிறது. பழைய கேமரா சேர்ப்பவர்களில்கூடப் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். முன்பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ்கள். கீழ் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்துகள்: நிப்பான் கோகாகு, டோக்கியோ, நிக்கோர்-க்யூ.சி, 1:3.5, 7.5 செ.மீ. நிப்பான் கோகாகு வேறு யாருமல்ல, இன்றைய நிக்கான்தான். நிக்கான் தன் பெயரில் இப்படி ஓர் இரட்டை லென்ஸ் கேமராவைக் கடைக்குக் கொண்டுவந்ததே இல்லை. அப்படியிருக்க அதன் லென்ஸ், பத்துப் பதினோரு ஆண்டே வாழ்ந்து திவாலான ஒரு சிறு கம்பெனியின் கேமராவில் வந்து உட்கார்ந்தது எப்படி?

1954இல் வந்த 'ஏரெஸ் ஆட்டோமேட்' கேமராவின் கதை அது. நிக்கோர் லென்ஸ் உள்ள ஆட்டோமேட் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் விட மாட்டார்கள். அந்தக் கேமரா ஏன் பிறந்தது, ஏன் இவ்வளவு அரிதானது என்று தெரிய வேண்டுமானால், போருக்குப் பிந்தைய ஜப்பானில் பரவிய இரட்டை லென்ஸ் மோகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் கேமரா எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். செவ்வகப் பெட்டி ஒன்று. உள்ளே இரண்டு மாடி. மேல் மாடி பார்ப்பதற்கு, கீழ் மாடி படம் பிடிப்பதற்கு. மேல் லென்ஸ் வழியே வரும் ஒளி 45 டிகிரி சாய்ந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி, மேலேயுள்ள மங்கலான கண்ணாடித் திரையில் காட்சியாக விழும். எடுப்பவர் கேமராவை வயிற்றுக்கு நேராகப் பிடித்து, குனிந்து அந்தத் திரையைப் பார்ப்பார். கீழ் லென்ஸுக்குள் ஷட்டர், அதற்குப் பின்னால் ஃபிலிம். இரண்டு லென்ஸும் ஒரே பலகையில் பொருத்தப்பட்டிருப்பதால் சேர்ந்தே முன்னும் பின்னும் நகரும். மேலே தெளிவாகத் தெரிந்தால் கீழேயும் தெளிவாகத்தான் விழும்.

இதில் சில வினோதங்கள் உண்டு. திரையில் காட்சி இடம் வலமாக மாறித் தெரியும். ஓடுகிற குழந்தையைப் பின்தொடரக் கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்று புதிதாகப் பிடிப்பவர் தடுமாறுவார். இன்னொன்று, பார்க்கும் லென்ஸ் சில சென்டிமீட்டர் மேலே இருப்பதால், மிக அருகிலிருந்து எடுத்தால் திரையில் முழுசாகத் தெரிந்த தலையின் உச்சி படத்தில் வெட்டுப்பட்டுவிடும். மாமியா கம்பெனி இதற்கென்றே ஒரு தூக்கியை விற்றது. முக்காலிக்கும் கேமராவுக்கும் நடுவில் அதை வைத்து, திரையில் பார்த்துச் சரிசெய்தபின், இரண்டு லென்ஸுக்கும் உள்ள இடைவெளி அளவுக்குக் கேமராவை அப்படியே உயர்த்திப் படம் எடுக்க வேண்டும். பூவைப் படம் பிடிக்கலாம். பட்டாம்பூச்சி அதுவரை காத்திருக்காது.

இந்த வடிவத்தை உலகுக்குப் பழக்கியது ஜெர்மனி. பிரவுன்ஷ்வைக் நகரில் பால் ஃபிராங்க்கேயும் ரைன்ஹோல்ட் ஹைடக்கேயும் நடத்திய தொழிற்சாலை 1929இல் ரோலைஃப்ளெக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்திரிகைக்காரர்களும் ஸ்டுடியோக்காரர்களும் அதைக் கொண்டாடினார்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலாவும் ரோலைஃப்ளெக்ஸ் பிடித்தவர்தான். ஜப்பானியர்களும் சும்மா இருக்கவில்லை. பின்னாளில் மினோல்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி 1937லேயே மினோல்டாஃப்ளெக்ஸை வெளியிட்டது. போர் அந்த ஓட்டத்தை நிறுத்தியது.

போர் முடிந்ததும் ஜப்பானில் பீரங்கிக்கும் போர்க்கப்பலுக்கும் தொலைநோக்கி செய்துவந்த தொழிற்சாலைகளுக்கு வேலை இல்லை. கண்ணாடி தேய்க்கத் தெரிந்த கைகள் ஏராளம். இராணுவத் தளவாடம் செய்யக் கூடாது. கேமரா செய்யலாம், அதை ஏற்றுமதி செய்து டாலரும் ஈட்டலாம். நாட்டில் தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய்களே முதல் வாடிக்கையாளர்கள். அந்தக் காலத்துக் கேமராக்கள் பலவற்றின் அடியில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற பொருள்படும் ஆங்கில முத்திரையைப் பார்க்கலாம்.

கேமராவிலும் ஏன் இரட்டை லென்ஸ்? காரணம் மிகவும் நடைமுறையானது. லைக்கா மாதிரி 35 மி.மீ. கேமரா செய்ய வேண்டுமானால் துணி ஷட்டர், தூரமானி என்று நுணுக்கமான எந்திர வேலை தேவை. இரட்டை லென்ஸ் கேமராவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஷட்டரை ஒரு கம்பெனியிடமும் லென்ஸை இன்னொரு கம்பெனியிடமும் வாங்கி, பெட்டியும் கண்ணாடியும் சேர்த்தால் முடிந்தது. வாங்குபவருக்கும் ஒரு லாபம் இருந்தது. 120 ரோலில் ஆறு சென்டிமீட்டர் சதுர நெகட்டிவ் பன்னிரண்டு கிடைக்கும். அந்த நெகட்டிவை நேராகக் காகிதத்தின் மேல் வைத்து ஒளி காட்டினாலே ஆல்பத்தில் ஒட்டும் அளவுக்குப் படம் வந்துவிடும். பெரிதாக்கும் கருவிக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

விளைவு, ஆளாளுக்குக் கேமரா கம்பெனி தொடங்கினார்கள். 'நாலரைப் பாய் தயாரிப்பாளர்கள்' என்று ஜப்பானில் இவர்களைக் கேலியாகச் சொல்வது வழக்கம். நாலரைப் பாய் என்பது ஜப்பானிய வீட்டு அறையின் அளவு. சுமார் ஒன்பதுக்கு ஒன்பது அடி. அந்த அறைக்குள் உட்கார்ந்து திருப்புளியால் கேமரா பூட்டியவர்கள் என்று பொருள். ஏரெஸ்ஃப்ளெக்ஸ், பியூட்டிஃப்ளெக்ஸ், கிரிஸ்டார்ஃப்ளெக்ஸ், எல்மோஃப்ளெக்ஸ், ஃபர்ஸ்ட்ஃப்ளெக்ஸ், டோயோகாஃப்ளெக்ஸ், வால்ஸ்ஃப்ளெக்ஸ், ஜெனோபியாஃப்ளெக்ஸ் என்று பெயர்கள் பெருகின. ஆங்கில நெடுங்கணக்கில் ஜே, யு, எக்ஸ் மூன்றைத் தவிர மற்ற எல்லா எழுத்திலும் ஓர் இரட்டை லென்ஸ் கேமரா இருந்தது என்று சொல்லிச் சொல்லி அது அந்த நாட்டுக் கேமரா உலகின் பழமொழி போலவே ஆகிவிட்டது.

இந்தக் கூட்டத்தின் நடுவே 1950இல் ரிக்கோஃப்ளெக்ஸ் மூன்றாம் மாடல் வந்தது. இன்று நகல் எந்திரத்துக்குப் பெயர்போன ரிக்கோதான் தயாரிப்பாளர். அதுவரை கையால் பூட்டிய பொருளைக் கன்வேயர் பெல்ட்டில் ஏற்றினார்கள். லென்ஸ் பலகையை முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பே கிடையாது. இரண்டு லென்ஸின் வெளி வளையத்திலும் பல் வெட்டி, ஒன்றோடொன்று கோத்துவிட்டார்கள். ஒன்றைத் திருகினால் மற்றதும் கூடவே திரும்பும். ஷட்டருக்கு 25இல், 50இல், 100இல் ஒரு பங்கு நொடி என்று மூன்றே வேகம். ஃபிலிமை எண் பார்த்துச் சுற்றப் பின்னால் ஒரு சிவப்பு ஜன்னல். மற்றவர்களின் கேமரா இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்றபோது இது தோல் உறையோடு சேர்த்தே 7,000 யென்னைத் தாண்டவில்லை. கடைகளில் வரிசை நின்றது. மாதம் 10,000 கேமரா என்ற அளவையும் ரிக்கோ தொட்டது. ஜப்பானில் கேமராவைப் பணக்காரர் வீட்டிலிருந்து சம்பளக்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்தது இதுதான் என்றால் மிகையில்லை.

விலையில் ரிக்கோவோடு மோத முடியாது. அப்படியானால் மற்றவர்கள் என்ன செய்வது? தரத்தைக் காட்ட வேண்டும். இல்லையென்றால், தரத்துக்குப் பெயர்போன ஒருவரின் பெயரையாவது காட்ட வேண்டும். ஏரெஸ் இரண்டாவது வழியில் போனது.

அந்தச் சமயத்தில் நிக்கோர் என்ற பெயருக்கு இருந்த மவுசு சாதாரணமானதல்ல. நிப்பான் கோகாகு ஆதியில் லென்ஸ்காரர்கள்தான். 1936இல் வந்த முதல் கேனன் கேமராவிலேயே இருந்தது நிக்கோர் லென்ஸ். போர் முடிந்து சொந்தமாகக் கேமரா செய்யத் திட்டமிட்டபோது அவர்கள் மேசையில் இரண்டு வரைபடங்கள் இருந்தன. ஒன்று 35 மி.மீ. கேமரா, மற்றது 'நிக்கோஃப்ளெக்ஸ்' என்று பெயரிட நினைத்த இரட்டை லென்ஸ் கேமரா. முன்னது 1948இல் நிக்கான் என்ற பெயரில் கடைக்கு வந்தது. பின்னது கைவிடப்பட்டது.

1950இல் 'லைஃப்' பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். ஜூன் மிக்கி என்ற இளம் ஜப்பானியப் புகைப்படக்காரர் ஒரு நிக்கோர் லென்ஸால் டங்கனையே படம் எடுத்துக் காட்டினார். படத்தின் துல்லியத்தைக் கண்டு அசந்துபோன டங்கன், நேரே தொழிற்சாலைக்குப் போய்ச் சோதித்துப் பார்த்து, தன் லைக்காவில் நிக்கோர் லென்ஸை மாட்டிக்கொண்டு கொரியப் போர்முனைக்குச் சென்றார். ஜப்பானிய லென்ஸ் ஜெர்மன் லென்ஸுக்குச் சவால் விடுகிறது என்று அந்த டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. ஜப்பான் பொருள் என்றாலே மட்டம் என்று நினைத்திருந்த மேற்கு நாட்டுக் கடைக்காரர்கள் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆக, 1954இல் ஆட்டோமேட்டுக்கு நிக்கோர் லென்ஸ் வாங்கிய ஏரெஸ், கண்ணாடியை மட்டும் வாங்கவில்லை. 'ஆட்டோமேட்' என்ற பெயரும் ரோலைஃப்ளெக்ஸ் 1937இல் வைத்த பெயர்தான். ஜெர்மன் பெயர், நிக்கானின் கண், சொந்த உடம்பு. கடைக்காரர் வாடிக்கையாளரிடம் என்ன சொல்லி விற்றிருப்பார் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

லென்ஸ் எப்படிப்பட்டது? வளையத்தில் உள்ள எழுத்துகளே சொல்லிவிடும். அந்தக் கால நிக்கோர் லென்ஸ்களில், உள்ளே எத்தனை கண்ணாடி என்பதற்கு ஓர் எழுத்துக் குறி உண்டு. டி என்றால் மூன்று, க்யூ என்றால் நான்கு, பி என்றால் ஐந்து, எச் என்றால் ஆறு. அடுத்து வரும் சி, கண்ணாடியின் மேல் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு உண்டு என்பதற்கு அடையாளம். எனவே இது பூச்சிட்ட நான்கு கண்ணாடி லென்ஸ். ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனிக்காக பால் ருடால்ஃப் 1902இல் வடிவமைத்த டெஸார் லென்ஸின் வழியில் வந்தது. நடுவில் கூர்மை, வாயை முழுசாகத் திறந்தால் ஓரங்களில் சற்று மென்மை, எஃப் 8க்கு மூடினால் எங்கும் கூர்மை.

இங்கே ஓர் உண்மையை உடைத்துச் சொல்லிவிட வேண்டும். மினோல்டா 1955இல் வெளியிட்ட ஆட்டோகார்டில் இருக்கும் ரொக்கோர் லென்ஸும் இதே நான்கு கண்ணாடிச் சூத்திரம்தான். யாஷிகாமேட் கேமராவின் யாஷினானும் அதேதான். இவை லட்சிய லென்ஸ்கள் அல்ல, நல்ல லென்ஸ்கள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் கிடையாது. நிக்கோர் ஏரெஸுக்குத் தரப்படும் கூடுதல் பணம் படத்துக்காக அல்ல, வளையத்தில் பொறித்த பெயருக்காகவே தரப்படுகிறது.

ஏரெஸ் 35 மி.மீ. கேமராக்களுக்கும் தாவியது. கோரல் என்ற பெயர் தாங்கிய லென்ஸ்களோடு அழகான கேமராக்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஆனாலும் 1960இல் கம்பெனி திவாலானது. அதற்குள் இரட்டை லென்ஸ் மோகமும் வடிந்திருந்தது. 1957இல் அசாஹி பென்டாக்ஸ், 1959இல் நிக்கான் எஃப் என்று ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராக்கள் வரிசையாக வந்தபின், குனிந்து பார்க்கும் பெட்டிக்கு இருந்த கிராக்கி போய்விட்டது. நாலரைப் பாய் அறைகளில் பிறந்த 'ஃப்ளெக்ஸ்'களில் பெரும்பாலானவை தடம் தெரியாமல் மறைந்தன.

அரிய ஜப்பானிய இரட்டை லென்ஸ் கேமராக்களின் பட்டியலில் ஏரெஸ் தனியாக இல்லை. கோனிகா கம்பெனியின் கோனிஃப்ளெக்ஸ் 1952இல் வந்தது. வழக்கமான 75 மி.மீ.க்குப் பதிலாக 85 மி.மீ. ஹெக்ஸனான் லென்ஸ், முகப் படத்துக்கு வாகானது. அதே ஆண்டு ஒலிம்பஸ், எஃப் 2.8 வரை திறக்கும் லென்ஸோடு ஒலிம்பஸ்ஃப்ளெக்ஸை இறக்கியது. நகோயாவில் துணி வியாபாரத்தில் தொடங்கி மருந்திலும் கால்பதித்த கோவா கம்பெனி 1954இல் கேல்லோஃப்ளெக்ஸ் செய்தது. கேமரா சேர்ப்பவர்கள் இதன் எந்திர நேர்த்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

குட்டிகளும் உண்டு. 127 என்ற சின்ன ரோலில் நான்கு சென்டிமீட்டர் சதுரப் படம் எடுப்பவை. ஜெர்மனியின் சாம்பல் நிறக் குட்டி ரோலைஃப்ளெக்ஸ் 1957இல் வந்ததும், அடுத்த ஆண்டே யாஷிகா 44 அதே சாயலில் வந்து நின்றது. டாப்கானின் பிரைமோ ஜூனியரும் வந்தது. மினோல்டா கொஞ்சம் தாமதித்து 1959இல் மினிஃப்ளெக்ஸை வெளியிட்டது. அதற்குள் குட்டி மோகம் ஓய்ந்துவிட்டதால் கொஞ்சமே செய்தார்கள். இன்று அதைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். உள்ளங்கையில் அடங்கும் அழகுப் பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் கோடக் 127 ஃபிலிமை 1995இல் நிறுத்திவிட்டது. வாங்கினால் அலமாரியில் வைத்துப் பார்க்கலாம். படம் எடுக்க வேண்டுமென்றால் ஃபிலிமைத் தேடியே அலைய வேண்டும்.

இந்தக் கேமராக்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். அரிதாக இருப்பவை பெரும்பாலும் விற்காமல் போனவை. நன்றாக விற்றவை ஆயிரக்கணக்கில் இன்னும் கிடைக்கின்றன, இன்னும் படம் எடுக்கின்றன. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் கல்யாண ஆல்பங்களை நிரப்பியவையும் இந்த இரண்டாவது வகைதான்: ரோலைஃப்ளெக்ஸ் வாங்க முடிந்தவர் அதை வைத்திருந்தார், மற்றவர்கள் யாஷிகாவையும் மாமியாவையும் கட்டிக்கொண்டு உழைத்தார்கள். லென்ஸையே கழற்றி மாற்றக்கூடிய மாமியா சி330 1969இல் வந்தது. கனம் தோளை இறக்கும். யாஷிகாமேட் 124ஜி 1970இல் தொடங்கி 1986 வரை ஓடியது. ஏரெஸோடு ஒப்பிட்டால் இவற்றுக்குச் சேகரிப்பாளர் மத்தியில் மதிப்பு குறைவு. வேலைக்கு மதிப்பு அதிகம்.

அந்தக் கூட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஆட்டோகார்டைத்தான் சொல்ல வேண்டும். அதிலுள்ள ஒரு யோசனை ரோலைஃப்ளெக்ஸிலும் கிடையாது. ரோலைஃப்ளெக்ஸில் ஃபிலிம் அடியிலிருந்து கிளம்பி, ஓர் உருளையில் வளைந்து மேலே ஏறிப் படம் விழும் இடத்துக்கு வரும். இரண்டு நாள் சுற்றாமல் வைத்திருந்தால் அந்த வளைவு ஃபிலிமில் பதிந்துவிடும். அடுத்த படத்துக்குச் சுற்றும்போது அந்த மேடு லென்ஸுக்கு எதிரே வந்து நிற்கும், அந்த இடத்தில் கூர்மை போகும். ஆட்டோகார்டில் ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடுகிறது. நேராக வந்து படம் வாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் வளைகிறது. எளிமையான மாற்றம், ஆனால் யோசித்துச் செய்த மாற்றம். அதன் பலவீனமும் பிரசித்தம்: லென்ஸுக்குக் கீழே உள்ள ஃபோகஸ் நெம்புகோல். உள்ளே கிரீஸ் இறுகிப்போன கேமராவில் அதைப் பலமாகத் தள்ளினால் கையோடு உடைந்து வரும்.

பழைய இரட்டை லென்ஸ் கேமரா ஏதாவது கைக்கு வந்தால் பார்க்க வேண்டியவை சில உண்டு. இரண்டு லென்ஸின் வளையத்தையும் படியுங்கள். ஒன்றில் ஒரு பெயர், மற்றதில் சம்பந்தமில்லாத பெயர் என்றால் எப்போதோ யாரோ மாற்றிப் பூட்டியிருக்கலாம். ஓவல் வடிவத் தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஜப்பானில் ஏற்றுமதிச் சோதனையில் தேறிய கேமரா. அந்தச் சோதனைக்கான நிறுவனம் 1954இல்தான் தொடங்கியது. பிறகு ஷட்டரை ஒரு நொடிக்கு வைத்து விடுங்கள். சீராக 'ர்ர்ர்' என்று ஓடி மூட வேண்டும். நடுவில் திணறி நின்றால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் சரியாகும், நீங்களே எண்ணெய் விட்டால் கேமரா போச்சு.

அடுத்தது சென்னை மாதிரிக் கடலோர ஊர்களின் நிரந்தர எதிரி, ஃபங்கஸ். பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் வைத்துத் திறந்தபடி பிடித்து, கீழ் லென்ஸ் வழியே விளக்கைப் பாருங்கள். கண்ணாடிக்குள் மெல்லிய வேர்கள் போலப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. தோல் உறைக்குள் மூடி பீரோவில் வைத்த கேமராக்களில்தான் இது அதிகம். தோல் ஈரத்தை இழுக்கும். உறையைத் தனியே வையுங்கள், கேமராவைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மேல் லென்ஸில் கொஞ்சம் பூஞ்சை இருந்தால் பரவாயில்லை, அது பார்ப்பதற்கு மட்டும்தானே. 120 ஃபிலிம் இன்றும் தயாரிக்கப்படுகிறது. இல்ஃபோர்ட், கோடக் இரண்டும் தருகின்றன.

ஆனால் வீட்டுப் பரணிலிருந்தோ மூடிய ஸ்டுடியோவிலிருந்தோ எடுத்த கேமராவாக இருந்தால் இதையெல்லாம் செய்யும் முன், அவசரப்பட்டுப் பின்கதவைத் திறக்க வேண்டாம். உள்ளே பாதி எடுத்த ரோல் இருக்கலாம். ஃபிலிம் சுற்றும் குமிழையோ கைப்பிடியையோ மெதுவாகத் திருப்புங்கள். இழுவை தெரிந்தால் ஃபிலிம் இருக்கிறது. இழுவை விடும் வரை சுற்றி, இருட்டறையில் எடுத்து, கறுப்புத் தாளில் பொதிந்து, இன்னமும் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுகிற ஒருவரிடம் கொடுங்கள். கறுப்பு வெள்ளையாக இருந்தால் பல ஆண்டு கழித்தும் அதில் படம் தேற வாய்ப்பு உண்டு.